வில்லங்கச் சான்றில் வெள்ளம் இல்லை!



இராஜபாளையத்தில் அன்று மாலை கூட்டம். பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். படிப்பகத்தில் அமர்ந்து ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பஞ்சாலையில் பகல் ஷிப்டு முடித்து, மீசையில் பஞ்சுத் துகள் படிந்தபடியே ஒரு தோழர் உள்ளே வந்தார். வயதில் மூத்தவர், 'அண்ணாச்சி' என்றுதான் அவரை அழைப்பேன். நூற்பு இயந்திரத்தின் முன் நின்று நின்றே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு வண்ணத்தாளை எடுத்து மேசைமீது விரித்தார். மகன் கைப்பேசியில் அனுப்பியதாம். கடையில் கொடுத்து அச்செடுத்து வந்திருக்கிறார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. பையன் துபாயிலே வீடு வாங்கப் போறானாம். வெள்ளிக்கிழமைக்குள்ளே முன்பணம் கட்டணுமாம்" என்றார்.

படித்தேன். நீலக் கடல், வெள்ளை மாடி, பச்சைப் புல்வெளி எல்லாம் படத்தில் இருந்தன. எளிய தவணை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கட்டிமுடிக்க இன்னும் மூன்றாண்டு ஆகும் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் இருந்தது.

"முன்பணத்துக்கு என்ன வழி, அண்ணாச்சி?"

"வைப்பு நிதி வருது. வீட்டிலே ஒரு சங்கிலி கிடக்கு. பத்தாததுக்கு அவன் போட்டுக்குவான்."

நான் இரண்டே கேள்வி கேட்டேன். "அந்த இடம் உங்கள் பையன் பெயருக்கு முழுதாக எழுதப்படுமா, இல்லை, இத்தனை ஆண்டுக் குத்தகைதானா? மழை பெய்தால் அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?"

முதல் கேள்விக்கு அவர் விழித்தார். இரண்டாவது கேள்விக்குச் சிரித்தார். "பாலைவனத்திலே ஏது தம்பி மழை?" என்றார்.

அந்த விழிப்பும் அந்தச் சிரிப்பும்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன.

பஞ்சாலைத் தொழிலாளிக்கு அயல்நாட்டில் வீடு எதற்கு என்று கேலி பேசுவோர் உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. இதே இராஜபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னையின் முதலமைச்சராக இருந்தவர் பூ. ச. குமாரசாமி ராஜா. தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். மாற்று முகாமைச் சேர்ந்தவர்தான். எனினும் கொடையைக் கொடை என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்? அவருக்குக் கொடுக்க ஒரு வீடு இருந்தது, கொடுத்தார். நம் அண்ணாச்சியோ ஆயுள் முழுதும் வாடகை வீட்டில் இருந்தவர். மகனாவது சொந்தக் கூரையின்கீழ் படுக்கட்டும் என்று அவர் நினைப்பதில் என்ன குற்றம்? ஆசை நியாயமானது. ஆசையைக் காட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் நம் கவலை.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை இரண்டு: அந்த மண்ணின் சட்டம் என்ன? அந்த மண்ணின் தண்ணீர் எங்கே போகிறது?

முதலில் சட்டம்.

அயல்மண்ணில் சொத்துச் சேர்த்த கதை தமிழனுக்குப் புதிதன்று. பர்மாவை நினைத்துப் பாருங்கள். 1930-களில் விலைவீழ்ச்சி வந்து கடன்கள் மூழ்கியபோது, கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டிநாட்டு இலேவாதேவிக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பத்திரம் இருந்தது, பதிவு இருந்தது, முத்திரை இருந்தது. 1948-இல் பர்மா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. உழுதவனுக்கு நிலம் வேண்டும் என்று அந்த நாடு கேட்டதில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புயலில் இலேவாதேவிக்காரர் மட்டுமா அடிபட்டார்? சுமை தூக்கியவனும், சிறுகடை வைத்தவனும் கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் இன்றும் அதற்குச் சாட்சி சொல்கிறது.

பாடம் என்ன? அயல்நாட்டில் நம் கையிலிருக்கும் பத்திரம், அந்த நாட்டின் சட்டம் நிற்கும்வரைதான் நிற்கும். அந்தச் சட்டத்தை எழுதும் மன்றத்தில் நமக்கு வாக்கு இல்லை.

பழங்கதை என்று எண்ணாதீர்கள். இலங்கை 2014-இல் ஒரு சட்டம் இயற்றியது. அயல்நாட்டார் அங்கே நிலம் வாங்கமுடியாது. அடுக்குமாடி வீடுகள்போலச் சில விலக்குகள் மட்டுமே உண்டு. சிங்கப்பூரில் நிரந்தர வசிப்புரிமை இல்லாத இந்தியர் ஒரு வீடு வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் விலையில் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி. நூறு வெள்ளிக்கு வீடு, அறுபது வெள்ளிக்கு வரி! கனடா 2023 ஜனவரியிலிருந்து அயல்நாட்டார் வீடு வாங்குவதைச் சில விலக்குகளோடு தடுத்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரலிலிருந்து, ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை அயல்நாட்டார் வாங்கத் தடை போட்டது. தம் மக்களுக்கு வீடு கிடைக்கவேண்டும் என்று அந்த ஆட்சிகள் எண்ணுகின்றன; அது அவர்கள் உரிமை. ஆனால் நம் பிள்ளையிடம் தாளை நீட்டும் தரகன் இதையெல்லாம் சொல்கிறானா?

துபாய்க்கு வருவோம். அங்கே 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆட்சியாளர் குறித்துக் கொடுத்த பகுதிகளில் மட்டுமே நம்மவர் முழு உரிமையோடு வாங்கலாம். கட்டிமுடிக்காத வீட்டுக்குக் கட்டும் பணம், கட்டுபவர் தம் விருப்பப்படி எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கில் போய்ச் சேரவேண்டும் என்று 2007-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. அரைகுறையாய் நின்றுபோன கட்டடங்கள் எத்தனையோ! ஆகவே முதல் காசு கட்டுமுன் கேட்கவேண்டியது இதுதான்: இந்தத் திட்டம் அங்குள்ள நில இலாகாவில் பதிவாகியிருக்கிறதா? தனிக் கணக்கின் எண் என்ன? "என் பெயருக்கு அனுப்புங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்று தரகன் சொன்னால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிட வேண்டும்.

இனி, நம் நாட்டுச் சட்டம். பையன் அங்கே உழைத்துச் சம்பாதித்த பணத்தில் அங்கேயே வாங்கலாம். ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ளலாம். 1999-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. ஆனால் அப்பா இங்கிருந்து பணம் அனுப்புவதாக இருந்தால், வங்கி வழியாக, காரணத்தை எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும்; ஓராண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை என்பது வரம்பு. "உண்டியலில் போட்டால் ஒரே நாளில் போய்ச் சேரும்" என்பான் ஒருவன். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்! பிடிபட்டால் அனுப்பிய தொகையைப்போல மூன்று மடங்குவரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பையன் ஊர் திரும்பி இங்கேயே நிலையாக வாழத் தொடங்கியபின், அங்குள்ள வீட்டை வருமானவரிக் கணக்கில் காட்டவேண்டும். காட்டாமல் விட்டால், 2015-இல் வந்த கறுப்புப்பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய்வரை தண்டம். கோடிகளைப் பதுக்கியவனுக்காகப் போட்ட வலைதான். விவரம் தெரியாத ஏழை மகனும் அதில் சிக்கக்கூடும்.

சட்டத்தின் கதை இது. தண்ணீரின் கதை இனி.

இராஜபாளையத்தானுக்கும் திருவில்லிபுத்தூரானுக்கும் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்த நான் யார்? மேற்கே மலை. மலையில் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே ஆற்றில் வெள்ளம் வரும் என்பது உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 2015 மே மாதம் சதுரகிரி மலைப் பாதையில் காட்டாறு திடீரெனப் பெருகி, மலைக்குப் போனவர்களின் உயிரைக் குடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கண்மாய் நிறையும், கலுங்கு வழியும், மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிறைக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மண்போட்டு மூடி மனை போட்டால், தண்ணீர் வழி தேடி வீட்டுக்குள் வரும். 'எட்டு வருடமாக இங்கே தண்ணீர் வந்ததில்லை' என்று மனை விற்பவன் சொல்வான். ஒன்பதாவது வருடம் அவன் அங்கே இருக்கமாட்டான்!

இத்தனை அறிந்த நாம், கடல் கடந்ததும் அந்த அறிவைக் கழற்றி வைத்துவிடுகிறோம். பாலைவனத்தில் மழை ஏது என்று அண்ணாச்சி சிரித்தாரே, அவருக்கு நான் 2024 ஏப்ரல் 16-ஆம் நாளை நினைவூட்டினேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் மழைக் கணக்கு எழுதத் தொடங்கியது 1949-இல். அந்தக் கணக்கில் காணாத மழை அன்று பெய்தது. அல் ஐன் வட்டாரத்தில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர்! துபாய் விமான நிலையத்தின் ஓடுபாதை ஏரியாயிற்று. சார்ஜாவின் சில குடியிருப்புகளில் நாள் கணக்கில் தண்ணீர் வடியவில்லை. மணலில் ஓடைகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடப்பதால் தெருவென்று எண்ணுகிறோம். அதே ஆண்டு ஜூனில் துபாய் ஆட்சி, மழைநீர் வடிகாலுக்காக 3,000 கோடி திர்ஹாம் திட்டத்தை அறிவித்தது. முடிப்பதற்கு வைத்த கெடு 2033. ஆட்சியாளருக்கே அந்த நகரின் வடிகால் போதாது என்று தெரிந்துவிட்டது. தரகன் தாளில் மட்டும் அது இல்லை.

மலேசியாவில் 2021 டிசம்பரில் ஷா ஆலம் நகரின் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கியபோது, மக்கள் கூரைமீதும் மாடியிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கடல் கடந்த நாட்டில்தான் இந்த ஆபத்தா? பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவனுக்குச் சென்னையும் அயலூர்தான். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் தென்பாண்டிச் சீமையிலிருந்து போய் வீடு வாங்கிய எத்தனை பேர் மொட்டைமாடியில் நின்றார்கள்! அவர்கள் கையில் பத்திரம் இருந்தது. பத்திரம் நனைந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணிச் சீமையே மிதந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது.

தோழர்களே, சட்டமும் தண்ணீரும் வேறுவேறு ஆபத்துகள் என்று பிரித்துப் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கும். நீர்நிலையில் போட்ட மனையைத் தண்ணீர் விட்டுவைத்தாலும் சட்டம் விட்டுவைக்காது. குளங்களைக் காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொன்னது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே வந்தது. ஏரியை விற்றவன் எங்கோ இருப்பான். இடிப்பது, ஏமாந்து வாங்கியவன் வீட்டை!

இரண்டும் சேர்ந்து தாக்கும் கொடுமையைக் காணவேண்டுமானால் இலங்கை மலையகத்தைப் பாருங்கள். நம் தென்மாவட்டங்களிலிருந்து போனவர்களின் வழிவந்தோர் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்ட லயன் அறைகளில் வாழ்கிறார்கள். மிகப் பலருக்கு அந்த அறைக்குப் பத்திரம் கிடையாது. தாம் வாழும் மண்ணைத் தமதென்று சொல்ல முடியாதவர்கள், பாதுகாப்பான மண்ணைத் தேர்ந்துகொள்ளவும் முடியாது. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல், இலங்கை முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மலையகம் மீண்டும் சரிந்தது. உரிமையில்லாத இடத்தில்தான் ஏழையை உட்காரவைக்கிறார்கள். உட்காரவைத்த இடத்தில்தான் மலையும் சரிகிறது.

'வாங்குகிறவன்தான் விசாரித்து வாங்கவேண்டும்' என்பார்கள் சட்டம் படித்தவர்கள். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். எனக்குத் தோன்றுவதைக் கேட்கிறேன். அந்த நிலத்தின் தாய்ப்பத்திரம் யாரிடம் இருக்கிறது? விற்பவனிடம். சென்ற மழைக்கு எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று யாருக்குத் தெரியும்? விற்பவனுக்கு. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், தெரியாதவன்தான் தேடித் திரியவேண்டும் என்றால், இது என்ன நீதி?

நம் நாட்டுச் சொத்து மாற்றுச் சட்டம் 1882-இல் எழுதப்பட்டது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை, தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாகவேண்டும் என்று அதன் 55-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அதில் வெள்ளம் என்ற சொல் இல்லை. பத்திரப் பதிவு நடந்துவிட்டதால் மட்டும் உரிமை உறுதியாகிவிடாது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பளிப்பது பதிவு அதிகாரியின் வேலை அன்று என்பதை, 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள். அடமானம் இருக்கும், கிரயம் இருக்கும், பாகப்பிரிவினை இருக்கும். வெள்ளம் இருக்காது! கடன் வில்லங்கம் என்றால், கழுத்தளவுத் தண்ணீர் வில்லங்கம் ஆகாதா?

செய்யமுடியாததை நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீடு விற்பவர் அதன் வெள்ள வரலாற்றை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் சட்டம் நடப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு முகவரியைச் சொன்னால், அங்கே வெள்ள ஆபத்து எவ்வளவு என்று அரசே காட்டும். வெள்ளப் பகுதி வீடுகளுக்கு மலிவான காப்புறுதி கிடைக்க அங்கே 2016-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2009-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். தெரிந்தே பள்ளத்தில் கட்டுபவனுக்கு ஊர்ப்பணம் துணைபோகாது என்பது அதன் பொருள்.

இங்கே நாம் கேட்பது இதுதான்: எந்த ஆட்சி நடந்தாலும் சரி, கடந்த வெள்ளங்களில் எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது வில்லங்கச் சான்றிலே அச்சாகவேண்டும். மறைத்து விற்றவன் பணத்தைத் திருப்பவேண்டும். இதைக் கிளைக் கூட்டங்களில் பேசுங்கள், தீர்மானமாக எழுதுங்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அது வரும்வரை? வாங்கப்போகும் தோழன் ஐந்து கேள்விகளை மறக்கவேண்டாம்.

ஒன்று: என் குடியுரிமையில் இருப்பவன் இங்கே வாங்கலாமா? முழு உரிமையா, ஆண்டுக் குத்தகையா?

இரண்டு: கட்டும் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? வேலை நின்றுபோனால் யாரிடம் முறையிடுவது? நம் நாட்டில் வாங்கினாலும், 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டமானால், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்கக்கூடாது.

மூன்று: விற்பவனுக்கு வேண்டாத, எனக்காகவே பேசும் ஒரு வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்தாரா? தரகனுக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து உறங்காதே.

நான்கு: சென்ற பெருமழையில் இங்கே தண்ணீர் எங்கே நின்றது? விற்பவனிடம் கேட்காதே, எதிரே தேநீர்க்கடை வைத்திருப்பவனிடம் கேள், காவலாளியிடம் கேள், தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் கேள். சுவரில் பழைய நீர்க்கறை இருக்கிறதா என்று நீயே பார். காப்புறுதிச் சீட்டில் வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா என்று தேடு.

ஐந்து: நான் கண்மூடினால் இந்த வீடு யாருக்கு, எந்தச் சட்டப்படி போகும்? அந்த நாட்டு முறைப்படி உயில் எழுதிப் பதிந்துவை.

அன்று மாலை கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கியபோது அண்ணாச்சி காத்திருந்தார். மகனோடு கைப்பேசியில் பேசிவிட்டாராம்.

"வெள்ளிக்கிழமை கட்டவேண்டாம்னு சொல்லிட்டேன் தம்பி. மொதல்ல அந்த இடத்துக்கு நேரே போய்ப் பாருடான்னேன். காவலாளிகிட்டே, போன மழைக்கு எங்கே நின்னது தண்ணின்னு கேளுன்னேன்."

"கோபித்துக்கொண்டானா?"

"கோபிச்சான். 'அப்பா, இது உங்க கண்மாய்க்கரை இல்லே'ன்னான். 'டேய், தண்ணிக்கு எல்லா ஊரும் கண்மாய்தான்டா'ன்னேன்."

பஞ்சாலையில் முப்பது ஆண்டு நின்ற மனிதர், ஒரு மணி நேரத்தில் எனக்கே பாடம் சொல்லிவிட்டார். அந்தத் தாள் மீண்டும் நான்காக மடிந்து அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது.